சின்னக் கல்லூரி, பெரிய கோப்பை

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சித்தேரி மலையில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "அடுத்து என்ன?"

தர்மபுரி மாவட்டத்தில் அரூருக்கு மேலே, கிழக்குத் தொடர்ச்சி மலையில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஊர்கள் சேர்ந்ததுதான் சித்தேரி ஊராட்சி. இங்கே வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். சரிவுகளில் சாமையும் ராகியும் விளையும். பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளை மலையிலிருந்து கீழே இறங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கல்லூரி. இன்னொன்று, கூலி வேலை. பெண் பிள்ளையாக இருந்தால் கல்யாணப் பேச்சும் சேர்ந்துகொள்ளும்.

கூலி வேலை என்று கிளம்பிப் போகிற பாதை சில நேரம் எங்கே முடியும் என்பதை இந்த மலை பார்த்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிப் போலீஸார் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் சித்தேரி மலைப்பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

இதில் கால்பந்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. மலையிலிருந்து இறங்குகிற பிள்ளையைக் கல்லூரி வாசல் வரைக்கும் கூட்டிவந்து, மூன்று வருஷம் அங்கேயே நிறுத்திவைத்து, படிப்பு முடிந்ததும் ஒரு சம்பளத்தில் கொண்டுபோய் விடக்கூடிய விஷயங்கள் குறைவு. ஒழுங்காக நடத்தப்படும் ஒரு கல்லூரி அணி அவற்றில் ஒன்று. பெரிய ஊர், பெரிய பணம், பெரிய மைதானம் எதுவும் இல்லாத கல்லூரியாலும் அப்படி ஓர் அணியைக் கட்ட முடியுமா? முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

காரியாபட்டியில் இருந்து லூதியானாவுக்கு

மதுரைக்குத் தெற்கே, விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி பக்கத்தில் சேது இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி என்ற பொறியியல் கல்லூரி இருக்கிறது. 1995-ல் தொடங்கப்பட்டது. கிண்டி, திருச்சி என்று சொன்னதும் எல்லோருக்கும் தெரிகிற கல்லூரிகளின் வரிசையில் அது இல்லை. சுற்றிலும் கரிசல் காடு. கால்பந்து என்றால் சென்னை, கடலூர், கன்னியாகுமரிக் கடற்கரை என்று நினைக்கிற தமிழ்நாட்டில், காரியாபட்டி யாருக்கும் ஞாபகம் வராது.

அந்தக் கல்லூரியை நடத்துபவர்களில் ஒருவரான சீனி முகைதீன் 2016-ல் பெண்கள் கால்பந்து அணி ஒன்றைத் தொடங்கினார். பெயர் சேது எஃப்.சி. பெண்களுக்கான தேசிய லீகான இந்தியன் விமன்ஸ் லீக் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. கல்லூரி வளாகமே பயிற்சிக் களம். வீராங்கனைகளுக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கல்லூரி பார்த்துக்கொண்டது.

மூன்றாவது வருஷமே பலன் தெரிந்தது. 2019 மே 22, லூதியானாவில் லீக்கின் இறுதிப் போட்டி. எதிரே மணிப்பூர் போலீஸ் அணி. அந்த அணியில் பாலா தேவி இருந்தார். அந்த ஒரே போட்டித் தொடரில் 26 கோல் அடித்தவர். அடுத்த வருஷமே ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியில் சேர்ந்தவர். அப்படிப்பட்டவர் ஆடிய அணியை சேது 3-1 என்று வென்றது. ஒரு தமிழ்நாட்டு அணி அந்தக் கோப்பையைத் தூக்கியது அதுவே முதல் முறை. பயிற்சியாளர் அம்ரிதா அரவிந்த்.

அது ஒரு முறை அடித்த அதிர்ஷ்டம் இல்லை. 2022 மே மாதம் புவனேஸ்வரில் நடந்த லீக்கின் கடைசி ஆட்டத்துக்கு இரண்டு அணிகள் தோல்வியே காணாமல் வந்து நின்றன. ஒன்று, கேரளாவின் கோகுலம். இன்னொன்று, சேது. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே சேது முதல் கோலைப் போட்டது. கடைசியில் கோகுலம் 3-1 என்று ஜெயித்தது. சேதுவுக்கு இரண்டாம் இடம். அணி தொடங்கி ஆறு வருஷத்தில் ஒரு கோப்பை, ஒரு இரண்டாம் இடம். காரியாபட்டிக்கு இது சின்ன விஷயமா?

கோப்பைக்குப் பின்னால் இன்னோர் ஊர்

இந்தக் கதையைப் பாதியில் நிறுத்தினால் தப்பான பாடம் கிடைத்துவிடும். 'காசு செலவழித்தால் கோப்பை வரும்' என்று தோன்றும். சேது அணியில் வெளியிலிருந்து வந்தவர்கள் உண்டு. நேபாளத்தின் புகழ்பெற்ற முன்களவீராங்கனை சபித்ரா பண்டாரியும் அதில் ஆடியிருக்கிறார். ஆனால் வெளியிலிருந்து இரண்டு மூன்று பேரைக் கொண்டுவரலாம். பதினொரு பேரையும் கொண்டுவந்து காலம் தள்ள முடியாது.

சேதுவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன், சுமித்ரா காமராஜ் மூவரும் கடலூர் மாவட்டத்துக்காரர்கள். மூவரும் இந்திய அணி வரை போனவர்கள். எப்படி ஒரே மாவட்டத்தில் இத்தனை பேர்? 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பந்து சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் மாரியப்பனும், அவருடைய இந்திரா காந்தி அகாடமியும் அதற்கு முக்கியக் காரணம். சின்ன வயதிலேயே பந்து, விடுதி, பள்ளிக்கூடம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. அந்த நாற்றங்கால் இருந்ததால்தான் மற்ற இடங்களில் பயிர் வந்தது.

அதன் பலன் ஒரு கிளப்போடு நிற்கவில்லை. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த சீனியர் பெண்கள் தேசியப் போட்டியில், அந்தக் கோப்பையைத் தன் வீட்டுச் சொத்து மாதிரி வைத்திருந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று வென்றது. தமிழ்நாட்டுக்கு அது முதல் பட்டம். 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று இரண்டாம் முறையும் கோப்பை வந்தது.

ஆக, கல்லூரிக்கு முன்னால் ஒரு பள்ளி இருக்க வேண்டும். கல்லூரிக்குப் பின்னால்? அதற்கும் இந்துமதிதான் உதாரணம். அவர் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் சென்னை வீதிகளில் முகக்கவசத்தோடு நின்று டியூட்டி பார்த்தவர். கடலூரில் பந்து உதைக்கும் பத்து வயதுப் பெண்ணின் அம்மாவுக்கு, இந்தியா எத்தனை கோல் அடித்தது என்பதைவிட இந்துமதியின் காக்கிச் சட்டை அதிகம் சொல்லும்.

ஒவ்வொரு மே மாதமும் கலைகிற அணி

கல்லூரி அணிக்கு மற்ற அணிகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. கலைக் கல்லூரியில் படிப்பு மூன்று வருஷம். அப்படியானால் ஒவ்வொரு மே மாதமும் அணியில் மூன்றில் ஒரு பங்கு பேர் டிகிரி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதுவும் நன்றாக ஆடத் தெரிந்த, அனுபவம் உள்ள மூன்றில் ஒரு பங்கு. இருபது பேர் அணி என்றால் வருஷத்துக்கு ஆறேழு புதுப் பிள்ளைகள் வேண்டும்.

பல சின்னக் கல்லூரிகள் தடுக்கி விழுவது இங்கேதான். ஏதோ ஒரு வருஷம் நல்ல பிள்ளைகள் சிலர் ஒன்றாக வந்து சேருவார்கள். கோப்பை வரும். முதல்வர் அறையில் போட்டோ மாட்டுவார்கள். அந்தப் பிள்ளைகள் போனதும் போட்டோ மட்டும் மிஞ்சும். ஒரு வருஷம் ஜெயிப்பதற்கு நல்ல ஆட்டக்காரர்கள் போதும். தொடர்ந்து ஜெயிப்பதற்கு ஆட்டக்காரர்கள் வருகிற வழி திறந்தே இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் மெசாயா என்று ஒரு சிறிய கிறிஸ்தவக் கல்லூரி. அது ஆடுவது கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில். அந்தப் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கவே கூடாது என்பது விதி. அதாவது, பணம் காட்டி யாரையும் இழுக்க முடியாது. அந்தக் கல்லூரியின் ஆண்கள் கால்பந்து அணி 2000-க்கும் 2017-க்கும் இடையில் 11 தேசியப் பட்டங்கள் வென்றது. நடுவில் 2008 பட்டத்தோடு பயிற்சியாளர் டேவ் பிராண்ட் விலகினார். அடுத்து வந்த பிராட் மெக்கார்ட்டியின் கீழ் 2009-லும் 2010-லும் அதே அணி மறுபடி பட்டம் வென்றது. பிள்ளைகள் மாறினார்கள், வாத்தியாரும் மாறினார், ஜெயிப்பது மட்டும் மாறவில்லை. பழக்கம் அந்த இடத்தில் ஊறியிருந்தது.

அரூர் பக்கம் என்ன செய்யலாம்?

சித்தேரி மலைக்குக் கீழே அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. மலைப்பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை இவைதான். காரியாபட்டியின் பணம் இங்கே இல்லை. அரசுக் கல்லூரியில் ஒரு தனியார் நிர்வாகம்போல நினைத்ததும் செலவழிக்கவும் முடியாது. அப்படியானால் எதை எடுத்துக்கொள்வது?

முதலில், ஆள் தேடுவது. ஜூலையில் கல்லூரி திறந்தபிறகு நோட்டீஸ் போர்டில் 'கால்பந்துத் தேர்வு' என்று ஒட்டினால் ஏற்கெனவே ஆடத் தெரிந்த நாலு பேர் வருவார்கள். மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு ஜனவரியிலேயே கல்லூரியின் பி.டி. மாஸ்டர் ஒரு முறை ஏறிப் போனால் கதை வேறு. பந்தை நேர்த்தியாக உதைப்பவர்களை மட்டும் தேட வேண்டியதில்லை. வேகமாக ஓடுகிறவர், கபடியில் பிடிபடாமல் நழுவுகிறவர், கூட்டத்தில் தன் இடம் விட்டு நகராமல் நிற்கிறவர், இவர்களுக்குப் பந்தைப் பழக்கிவிடலாம். அம்மா அப்பாவிடம் நேரில் பேசுவதும் அதே பயணத்தில் நடக்க வேண்டும். பெண் பிள்ளையை அனுப்பலாமா வேண்டாமா என்ற முடிவு வீட்டில்தான் எடுக்கப்படுகிறது. "எங்கே தங்குவாள், யார் பார்த்துக்கொள்வார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவாள்" என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இருந்தால் பாதி அனுமதி கிடைத்த மாதிரி.

இரண்டாவது, தங்குமிடமும் சாப்பாடும். தினமும் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்துபோகிற பிள்ளை சாயங்காலப் பயிற்சிக்கு நிற்க முடியாது. கடைசி பஸ்ஸை விட்டால் வீடு போக வழியில்லை. அதனால் விடுதி இடம் கிடைப்பதுதான் அணியின் முதல் கோல். சாப்பாட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. முட்டை, வேர்க்கடலை, வாழைப்பழம், பயறு, வயிறு நிறையச் சோறு. பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று வருஷ ஆரம்பத்தில் அரசு மருத்துவமனையில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் போதும். பாதி நேரத்தில் மூச்சு வாங்குகிற பெண்ணைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மூன்றாவது, இடம். விதிப்படி கால்பந்து மைதானம் குறைந்தது 90 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். மலைச் சரிவில் அவ்வளவு சமதரை எளிதில் கிடைக்காது. கவலை இல்லை. பள்ளி வயதில் ஆளுக்கு ஏழு பேர், ஐந்து பேர் என்று சின்ன இடத்தில் ஆடுவதே நல்லது. ஒவ்வொருவர் காலிலும் பந்து அதிகமாகப் படும். பெரிய மைதானத்தைக் கல்லூரிக்கு வந்தபிறகு பழகிக்கொள்ளலாம்.

நான்காவது, காயம். சின்ன அணியில் மாற்று ஆள் குறைவு. இரண்டு பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த வருஷம் முடிந்தது. பெண்களுக்கு முழங்கால் தசைநார்க் காயம் ஆண்களைவிட அதிகம் வருகிறது. இதற்குக் காசில்லாத மருந்து ஒன்று உண்டு. 'ஃபிஃபா 11 பிளஸ்' என்ற 20 நிமிட உடற்பயிற்சி. ஓட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, குதித்துச் சரியாகத் தரையில் இறங்குவது, தொடைக்கும் இடுப்புக்கும் பலம் சேர்ப்பது, அவ்வளவுதான். இதை நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,892 பேரிடம் சோதித்து 2008-ல் முடிவு வெளியிட்டார்கள். பயிற்சி செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதி குறைந்தன. கருவி எதுவும் வேண்டாம். தினமும் விடாமல் செய்ய வைக்கும் ஒரு வாத்தியார் போதும்.

ஐந்தாவது, ஆட்டங்கள். வருஷத்துக்கு ஒரு முறை கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்குப் போய், முதல் சுற்றிலேயே தோற்று, அதே பஸ்ஸில் திரும்பினால் எந்த அணியும் வளராது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் என்று பக்கத்து ஊர் அணிகளை அழைத்து மாதம் இரண்டு ஆட்டமாவது ஆட வேண்டும். முதல் வருஷம் ஆறு கோல் வாங்கலாம். மறுவருஷம் அதே அணியிடம் இரண்டு கோல்தான் வாங்கினால் அதுவே முன்னேற்றம்.

விளையாட்டு எப்படி வேலையாகிறது?

"பந்து உதைத்தால் சோறு கிடைக்குமா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும்.

கல்லூரி அணிக்காக நன்றாக ஆடுபவர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகலாம். பல்கலைக்கழக அணிகள் முதலில் மண்டல அளவிலும், பிறகு அகில இந்திய அளவிலும் மோதும். அப்படிப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்குப் 'படிவம் 3' என்ற சான்றிதழ் கிடைக்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படுகிற காகிதம் அது. தமிழ்நாடு காவல்துறைத் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத இடம் உண்டு. அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் சான்றிதழே இல்லாதவருக்கு அந்த வரிசையில் நிற்கவே முடியாது.

நன்றாக ஆடியும் எத்தனையோ பேர் இந்தப் படிவத்தை வாங்காமலேயே கல்லூரியை விட்டுப் போகிறார்கள். கையெழுத்துக்கு அலைய வேண்டும், இத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? கோல் போஸ்ட்டுக்கு வலை வாங்குவதைப் போலவே, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு திறந்து சான்றிதழ்களைச் சேர்த்துவைப்பதும் அணியை நடத்துகிறவரின் வேலைதான்.

படிக்கும் காலத்துக்கும் கைகொடுக்கத் திட்டங்கள் உண்டு. பழங்குடி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. ஒரு ஜோடி நல்ல ஷூவுக்கும் ஊருக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும் அந்தப் பணம் உதவும். எந்தத் திட்டத்துக்கு எங்கே எழுதிக்கொடுப்பது என்று தெரிந்த ஒருவர் கல்லூரியில் இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அட்டெண்டன்ஸை மட்டும் சரிக்கட்டிவிட்டு, பிள்ளையை வகுப்புக்கே அனுப்பாமல் வருஷம் முழுக்க மைதானத்தில் ஓடவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கோப்பை கல்லூரிக்கு, அரியர் பிள்ளைக்கு. மூன்று வருஷம் கழித்து டிகிரியும் இல்லாமல் காலில் அடியோடு மலையேறிப் போகிற ஒரு பிள்ளை போதும். அடுத்த பத்து வருஷத்துக்கு அந்த ஊரிலிருந்து யாரும் வரமாட்டார்கள். காலைப் பயிற்சி முடிந்ததும் வகுப்பு, இரவில் விடுதியில் ஒரு மணி நேரம் பாடம் என்பதை அணியின் சட்டமாகவே வைத்துக்கொள்வது நல்லது.

ஜெயித்தது என்று எப்போது சொல்வது?

சேது எஃப்.சி.யின் கோப்பைக்கு மூன்று வருஷம் ஆனது. அதற்கு முன்னால் கடலூரில் பல வருஷ உழைப்பு இருந்தது. அரூர் பக்கத்தில் இன்றைக்கு ஒரு கல்லூரி தொடங்கினால் ஆறேழு வருஷம் பொறுக்க வேண்டியிருக்கும். முதல் கோப்பை வருவதற்கு முன்பே வேறு சில அடையாளங்கள் தெரிய ஆரம்பிக்கும்.

முதல் வருஷம் சேர்ந்த எட்டு மலைப்பிள்ளைகளில் எட்டுப் பேரும் இரண்டாம் வருஷத்துக்கு வந்தார்களா? அணியில் சேர்ந்த அக்காவைப் பார்த்து அவள் தங்கையும் விண்ணப்பம் போட்டாளா? பயிற்சியாளர் மேலே போய்த் தேடாமலேயே, ஊரிலிருந்து யாராவது ஒரு பிள்ளையைக் கூட்டிவந்து "இவனையும் சேர்த்துக்கோங்க சார்" என்று கேட்டார்களா? அந்த மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று பதில் வருகிற வருஷத்தில், மே மாதத்தில் எத்தனை பேர் டிகிரி வாங்கிப் போனாலும் ஜூலையில் மைதானம் மறுபடி நிறைந்துவிடும்.

அதற்குப் பிறகு கோப்பை வருவது நாள் கணக்குத்தான். அதற்குள் சித்தேரிப் பெண் ஒருத்தி சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியோடு மலையேறி வந்திருந்தால், கோப்பை கொஞ்சம் தாமதமாக வந்தால்கூட ஊரில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.